பதினெட்டு மூடிகள்

மச்சான்,

போன கிழமை என் பற்றரிக் கடை வாசலில் ஓர் உழவு இயந்திரம் வந்து நின்றது. அதன் பெட்டிக்குள் கயிறு போட்டுக் கட்டிய வெள்ளைப் பக்கி வண்டி. ஹோட்டல்களில் விருந்தாளிகளை ஏற்றி இறக்கும் கோல்ஃப் வண்டி பழுகாமத்துக்கு வருவதென்றால் அதிசயம்தானே. தெருவில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். நான் கிட்டப்போய் இருக்கையைத் தூக்கினேன். கருகிய ரப்பரும் அசிட்டின் புளிப்பும் சேர்ந்த மணம். எட்டு வருடமாகியும் அது போகவில்லை. என் இடக்கை தானாகவே பின்னால் போனது.

கொண்டுவந்தவர் எங்கள் ஊர்ப் போடியார். ஏக்கர் கணக்கில் வயல் வட்டை வைத்திருப்பவர். வயல் பாதையில் பசளை மூட்டை ஏற்றலாம் என்று, பாசிக்குடாவில் நாம் வேலை செய்த ஹோட்டல் கழித்துவிட்டதை வாங்கி வந்திருக்கிறார். "பற்றரி ஒண்டும் இல்ல தம்பி. இது என்ன மொடல், என்ன பற்றரி போடணும் எண்டு பாத்துச் சொல்லு. நீதானே அங்க வேல செஞ்சவன்" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் அங்கே என்ன செய்துவிட்டு வந்தவன் என்று ஊருக்கே தெரியும். 'பக்கி எரிச்சவன்' என்ற பட்டம் இன்னும் என் பின்னால் வந்துகொண்டுதான் இருக்கிறது.

மொடல் பார்ப்பது லேசான வேலை. சாரதிக்குப் பக்கத்தில் இருப்பவரின் முழங்காலுக்கு நேரே, உள்பக்கமாக ஒரு சின்னத் தகடு இருக்கும். குனிந்து டோர்ச் அடித்தேன். புது மொடல், நாற்பத்தெட்டு வோல்ட் என்றது தகடு. போடியாரிடம் சொல்ல வாயைத் திறந்தவன், தகட்டை அடித்திருந்த ஆணியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். செப்பாணி. வாலை மடக்கி, மடக்கிய நுனியைத் திரும்பவும் உள்ளே குத்தி அடித்த செப்பாணி. வண்டி செய்கிற கொம்பனியில் அப்படி அடிக்கமாட்டார்கள். மாங்கேணியில் வள்ளம் கட்டுகிறவர்கள் அடிப்பார்கள். நீ அடிப்பாய். "எங்கட அப்பா அடிச்ச ஆணி கடலே இழுத்தாலும் வராது" என்று எத்தனை தரம் பெருமையடித்திருப்பாய்! உண்மைதான். என் குறட்டுக்கும் அது லேசில் வரவில்லை.

எட்டு வண்டி, ஒரு கொட்டகை, நீயும் நானும். வேலை பழகியதும் ஒன்றாக, ஏச்சு வாங்கியதும் ஒன்றாக. வண்டிகளெல்லாம் வெளியே ஒரே வெள்ளை, ஒரே வடிவம். உள்ளேதான் இரண்டு சாதி. பழசுக்கு முப்பத்தாறு வோல்ட், புதுசுக்கு நாற்பத்தெட்டு. இரண்டிலும் ஆறு பற்றரிதான். ஆகவே எண்ணவேண்டியது பற்றரியை அல்ல, அதன் தலையிலுள்ள மூடிகளை. ஒரு மூடிக்கு இரண்டு வோல்ட். மூன்று மூடி இருந்தால் ஆறு வோல்ட் பற்றரி, நாலு மூடி இருந்தால் எட்டு. "தகடும் பொய் சொல்லும், பெயின்டும் பொய் சொல்லும், மூடி பொய் சொல்லாது மச்சான்." இதைச் சொன்னது யார்? நீதானடா!

கொட்டகையில் இருந்தது ஒரே சார்ஜர். அதன் குமிழை முப்பத்தாறிலோ நாற்பத்தெட்டிலோ திருப்பி வைக்கவேண்டும். முதலில் இருக்கையைத் தூக்கி மூடியை எண்ணுவோம், தண்ணீர் பார்ப்போம், பிறகுதான் குமிழில் கை வைப்போம். ஒருவன் எண்ணிவிட்டால் மற்றவன் எண்ணமாட்டான். எண்ணினால் நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும் என்று நமக்குள் ஒரு மரியாதை.

உன் அப்பாவின் வள்ளம் இயந்திரம் பழுதாகி ஹோட்டலுக்கு நேரே கரை தட்டிய நாள் ஞாபகம் வருகிறது. அதை இழுக்க நீ மூன்றாம் நம்பரை மணலில் இறக்கினாய். புத்தம் புது வண்டி. அலை வந்து இருக்கை வரைக்கும் நனைத்தது. நான் கரையில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். "கழுவிப்போட்டன், ஒண்டும் இல்ல" என்றாய் பிறகு. மூன்று நாள் கழித்து நான் லீவில் போய் வந்தபோது, ஏழாம் நம்பர் செத்துப்போனது என்றாய். பழைய வண்டி, உப்புக்காற்று, யார் கவலைப்பட்டது? பின்வளவுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். அதிலிருந்து மூன்றாம் நம்பரை என்னைத் தொடவிடவில்லை. "அது என்ட புள்ள, நான்தான் பாப்பன்" என்பாய். "ஓமோம், தாலாட்டும் பாடு" என்று பகிடி பண்ணினேன். என்னைவிட மடையன் எங்கள் ஊர் ஆற்றங்கரையில் இருக்கமாட்டான்.

உங்கள் ஊர்க் கோயிலில் தீமிதிப்பு நடந்த நாள் அது. நீ புறப்பட்டுக்கொண்டிருந்தாய். "மூண்டாம் நம்பர் சார்ஜ் இறங்கிக் கிடக்கு. நான் சார்ஜரில கொழுவட்டா?" என்று கேட்டேன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். கொஞ்ச நேரம் நின்றாய். கோயிலுக்குப் பிந்துகிறதே என்று யோசிக்கிறாய் என நினைத்தேன்.

"ஓம், கொழுவு."

"மூடி எண்ணினியா?"

"எண்ணினன், எண்ணினன். நாலு. தண்ணியும் பாத்தாச்சு. சும்மா சீட்டக் கழட்டாத."

"நீ எண்ணினாப் போதும்" என்றேன். குமிழை நாற்பத்தெட்டில் திருப்பிக் கொழுவினேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பற்றரிகள் கொதித்தன. முதலில் மணம், பிறகு வெடி. வண்டியை வெளியே இழுத்துப் போட்டபோது என் கையில் அசிட் கொட்டியது. கொட்டகைக் கூரையில் பாதி எரிந்தது. பற்றரியெல்லாம் உருகிக் களியானதில் மூடி எண்ண ஒன்றும் மிஞ்சவில்லை. மறுநாள் கையில் கட்டோடு நான் நிற்க, முகாமையாளர் கேட்டார், யார் கொழுவியது என்று. நீ நிலத்தைப் பார்த்தாய். "அவன்தான் சேர். நான் ஊரில." அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அன்றே என்னை அனுப்பினார்கள். அந்தக் கரையில் வேறு எந்த ஹோட்டலும் என்னை எடுக்கவில்லை.

என்னைப் பார்க்க வந்தாயே, ஒரு பை இறாலோடு. "தண்ணி வத்தியிருக்கும் மச்சான். நான் பாத்தது அதுக்கு முதல் நாள். நீயும் ஒருக்காப் பாத்திருக்கலாம்" என்றாய். நான் நம்பினேன். கொட்டகையை எரித்துவிட்டேன், உனக்கும் கெட்ட பெயர் தந்துவிட்டேன் என்று உன் கையைப் பிடித்து அழுதேன். "சரி விடு, பிழை எல்லாருக்கும் வாறதுதான்" என்று என் முதுகைத் தட்டினாய். நீ என்னை மன்னித்தாய்! வேலை போனதைத் தாங்கினேன், விரல் போனதைத் தாங்கினேன். இந்த மன்னிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போன மாரியில் நெஞ்சுவலி வந்து நீ போனபோது, மடங்காத இந்த இரண்டு விரலோடு உன் பாடையைத் தூக்கினவன் நான். அப்போதும் மனதுக்குள் மன்னிப்புத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆணியைப் பிடுங்கிய பிறகு மிச்சம் எல்லாம் வரிசையாக வெளியே வந்தது. சட்டத்தில் பொறித்திருந்த இலக்கம் தகட்டின் இலக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. மோட்டரை ஓட்டும் பெட்டியில் முப்பத்தாறு என்றே இருந்தது. பின்னால் எழுதியிருந்த மூன்றை நகத்தால் சுரண்டினேன், அடியில் ஏழு. கடல்தண்ணீரில் செத்தது புது வண்டி. அது தெரிந்தால் உன் வேலை போகும். ஆகவே பழசைப் புதுசாக்கினாய், தகட்டை மாற்றினாய், நம்பரை மாற்றினாய். சரி, மாற்று. என்னிடம் சொல்லியிருந்தால் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருப்பேனே! உனக்காகப் பொய் சொல்லமாட்டேன் என்றா நினைத்தாய்? ஹெல்மெட்டோடு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் "முப்பத்தாறில வை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செத்தவனை ஏசக்கூடாது என்பார்கள். ஏசுகிறேன். துரோகி நீ.

நேற்று உன் மனைவி போன் எடுத்தாள். "அண்ணன், இவர்ட திவசம் வருது. நீங்க கட்டாயம் வரணும். மகளுக்கும் அந்த ஹோட்டல்லயே வேல குடுத்திருக்காங்க, தகப்பன்ட நல்ல பேருக்காக" என்றாள். உன் நல்ல பெயர்! தகடு என் மேசையில் கிடந்தது. அதையும் வண்டியையும் கொண்டுபோய் அந்த முகாமையாளரின் முன்னால் வைத்தால் என் பெயர் எனக்குத் திரும்பி வரும். எல்லாம் வாய்வரைக்கும் வந்தது. "வாறன் தங்கச்சி" என்று மட்டும் சொன்னேன். அவளுக்காகவா, உனக்காகவா, தெரியவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எண்ணிக்கொள்ளாதே.

இன்று காலை ஆறு வோல்ட் பற்றரி ஆறைப் பூட்டி முடித்தேன். போடியார் வெற்றிலையை மென்றுகொண்டு நின்றார். சார்ஜரைக் கொழுவுமுன், "மூடிய எண்ணிப் பாருங்க" என்றேன்.

"எனக்கென்ன தெரியும் தம்பி. நீ எண்ணினாப் போதும்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "போதாது!" என்று கத்திவிட்டேன். "குனிஞ்சு நீங்களே எண்ணுங்க போடியார்."

மனிதர் திகைத்துப்போனார். ஆனாலும் சாரத்தை மடித்துக்கட்டிக் குனிந்தார். ஒவ்வொரு மூடியாக விரலால் தொட்டு, பிள்ளைகள் எண்ணுவது மாதிரி வாய்விட்டு எண்ணினார். பதினாறு, பதினேழு, பதினெட்டு. அவர் எண்ணி முடித்த பிறகு, உன் தகடு சட்டைப் பையில் கிடக்க, நானும் குனிந்து முதலிலிருந்து எண்ணினேன்.