வண்டிச் சாவியும் மாத்திரைப் பெட்டியும்

மார்ச் 3, செவ்வாய்
மருத்துவமனையிலிருந்து மறுபடியும் நாங்கள் செய்துகொடுத்த ஆறு மாத்திரைப் பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன. அதே புகார்: நேரத்துக்கு மணி அடிக்கவில்லை. இங்கே மேஜையில் வைத்தால் ஆறும் ஒழுங்காக அடிக்கின்றன! மௌனசாமி மூன்றாவது முறையாக சர்க்யூட்டை மாற்றுகிறார். (நான் வைத்த பெயர். காலையில் வணக்கம், மாலையில் வரேன், அவ்வளவுதான் பேச்சு.) இருபதாம் தேதிக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாக மருத்துவமனை டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவர்களை விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. இந்தச் சின்னப் பட்டறையில் இருக்கும் நாலு பேரும் நடுத்தெருவில்தான்.

மார்ச் 5
ராத்திரி வரை உட்கார்ந்து பெட்டிக்குப் புதுப் புதுப் படமாக வரைந்தேன்.

மார்ச் 9
பெட்டி வைத்திருக்கும் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். நான் கொண்டுபோன பெட்டியின் மூடியில் அவர் கைவைப்பதற்குள் நானே திறந்து காட்டிவிட்டேன். பார்க்கப் போனேனா, பாடம் நடத்தப் போனேனா? இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்ய!

மார்ச் 10
நாலு பேரும் உட்கார்ந்தோம். வீடுகளில் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்றேன். பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் டிரைவர் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"மூடி ரொம்ப டைட்டும்மா. வயசானவங்களால முடியல. நான்தான் வண்டிச் சாவிய விட்டு நெம்பித் திறந்து குடுப்பேன். இனிமே மூடாதீங்க, அப்படியே வச்சிருங்கன்னு சொல்லிட்டு வந்துருவேன்."

மூடினால்தான் மணி வேலை செய்யும். அதை அவரிடம் யாருமே சொன்னதில்லை.

"ஏண்ணே இத்தன நாளா சொல்லல?"

"நீங்க கேக்கலையேம்மா."

அய்யோ. தினமும் வீடு வீடா போய்ட்டு வர்ற மனுஷன். ஒரு தடவையாச்சும் கேட்டேனா நான்?

மௌனசாமி, "மூணு மாசமா சர்க்யூட்டையே மாத்திக்கிட்டிருந்தேன்" என்றார். கையிலிருந்த சர்க்யூட்டை மேஜையில் வைத்தார்.

மார்ச் 11
மூடி மாட்டுகிற தனக்கே கட்டைவிரல் வலிக்கும் என்றார் பேக்கிங் அக்கா. மூடியில் ஒரு துண்டு நாடாவை ஒட்டி, இழுத்துக் காட்டினார். மௌனசாமி மூடியின் கொக்கியைக் கொஞ்சம் அரத்தால் தேய்த்தார். சட்டென்று திறந்தது. நான் வரைந்து தள்ளிய படங்களெல்லாம் எதற்கு?

மார்ச் 16
அக்காவோடு அதே பெரியவர் வீடு. பேசிவிடக் கூடாதென்று வாயில் மிட்டாய் போட்டுக்கொண்டேன். பெரியவர் நாடாவைத் தப்பான பக்கம் இழுத்தார். மிட்டாயைக் கடித்தே விட்டேன். அப்புறம் அவரே திருப்பிப் பிடித்து, திறந்து, மூடியும் வைத்தார்.

மார்ச் 20
இருபது பெட்டிகள் போயின. மதியம் அண்ணன் போன்: "எல்லாரும் அவங்களே திறந்தாங்கம்மா. சாவிய வெளிய எடுக்கவே இல்ல."

மார்ச் 28
ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை. நம்மிடமே தொடர்ந்து வாங்குவதாக டாக்டரம்மா சொல்லிவிட்டார். அப்பாடா! கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். பேக்கிங் அக்கா தண்ணீர் கொடுத்தார்.

வண்டியை நிறுத்திவிட்டு வந்த அண்ணன் வாசலிலேயே நின்றார். "பெட்டியில எழுத்து ரொம்பப் பொடிசா இருக்குன்னு ஒரு வீட்டுல பேசிக்கிட்டாங்கம்மா. சொல்லலாமா, வேணாமான்னு..."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காந்து சொல்லுங்கண்ணே."