அப்பாவின் துப்பாக்கியில் இருக்கும் இரண்டு கண்ணாடிப் பிடிகள்

அனுப்புநர்:
ஆர்லீன் கோசிஷெக்,
(காலஞ்சென்ற எமில் ஸ்லாவிக்கின் மகள்),
தானியக் கிடங்குக்கு எதிர்வீடு,
ஹ்ராடெக், ப்ளம் க்ரீக் கவுண்டி, நெப்ராஸ்கா.

பெறுநர்:
திரு. டுவேன் பார்டோஷ் அவர்கள்,
தலைவர், கவுண்டி ஆணையர் குழு,
ப்ளம் க்ரீக் கவுண்டி.

பொருள்: கவுண்டி அருங்காட்சியகத்தில் உள்ள என் தந்தையின் ராணுவக் கைத்துப்பாக்கியை அசல் நிலைக்கு மாற்றி விற்க முடிவு செய்தது – அதன் கண்ணாடிப் பிடிகளை என்னிடம் ஒப்படைக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களைத் 'தாங்கள்' என்று எழுத என் கை கொஞ்சம் தயங்குகிறது. பள்ளிச் சமையல்கூடத்தில் நான் பீன்ஸ் மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் பரிமாறிய காலத்தில், "மிஸஸ் கே, இன்னொண்ணு குடுங்க, ஓரத்துல இருக்கிறது வேணாம், நடுவுல இருக்கிறது" என்று தட்டை நீட்டியவர் தாங்கள். இருந்தாலும் இன்று தாங்கள் தலைவர், நான் மனுதாரர். முறைப்படியே எழுதுகிறேன்.

1. அருங்காட்சியகத்தின் கூரை ஒழுகுகிறது என்பதையும், அதைச் சரிசெய்யச் சில பொருட்களை விற்கக் குழு தீர்மானித்துள்ளது என்பதையும் அறிவேன். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மழை பெய்தால் பழைய பியானோவின் மேல் வாளி வைக்கிறார்கள். பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

2. விற்கப்படும் பொருட்களில் என் தந்தை 1945-இல் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த கைத்துப்பாக்கியும் ஒன்று. சரணடைந்த ஓர் அதிகாரியிடமிருந்து எடுத்தது. என் தந்தையின் கேப்டன் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டும் கூடவே இருக்கிறது. துப்பாக்கியை மதிப்பிட ஒமாஹாவிலிருந்து திரு. கோர்டன் லீச் என்ற பழைய ஆயுத வியாபாரி வந்திருந்தார். அன்று வியாழக்கிழமை என்பதால் நானும் அங்கே இருந்தேன். வியாழக்கிழமைதோறும் நான் அங்கே போவது காவலாளி முதல் எல்லோருக்கும் தெரியும்.

3. திரு. லீச் அதைக் கையில் எடுத்ததுமே சிரித்தார். "இதென்னங்க, துப்பாக்கியா கார் பம்பரா? நிக்கல் முலாம் பூசி நாசம் பண்ணி வச்சிருக்காங்க. கருநீல நிறம் அப்படியே இருந்திருந்தா இதை வித்து நல்ல பிக்கப் வண்டி வாங்கலாம். இப்ப நாலு டயர் வாங்கினா பெருசு" என்றார். பிறகு பிடியைத் திருப்பிப் பார்த்து, "போதாக்குறைக்கு இந்த பிளாஸ்டிக்கு வேற. இதைப் பிடுங்கிப் போட்டுட்டு, அந்தக் காலத்துப் பழுப்புப் பிடி ஒரு ஜோடி மாட்டினாதான் ஏதாவது தேறும்" என்றார். குழு உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

4. திரு. லீச் தன் தொழில் அறிந்தவர். அவர் சொன்ன மதிப்பில் பிழை இருப்பதாக நான் வாதாட வரவில்லை. ராணுவத் துப்பாக்கியில் கை வைத்தால் விலை இறங்கும் என்பது எங்கள் ஊரில் வேட்டைக்குப் போகும் அத்தனை பேருக்கும் தெரியும், என் தந்தையைத் தவிர. அவர் செய்த இரண்டு மாற்றங்களையும் ஏன் செய்தார் என்பதை மட்டும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

5. முதல் மாற்றம், பிடிகள். அந்நாளில் போர்முனையில் பையன்கள் பலர் செய்த வேலைதான் அது. விழுந்து கிடந்த குண்டுவீச்சு விமானத்தின் ஜன்னலை, கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் அது, அறுத்து, அடுப்பில் வாட்டி வளைத்து, அரத்தால் ராவி, பற்பசை போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, இரண்டு கண்ணாடிப் பிடிகள் செய்தார். இடப்பக்கப் பிடிக்கு அடியில் என் அம்மாவின் படத்தை வைத்துத் திருகினார். அம்மாவின் பெயர் லிபுஷே. பத்தொன்பது வயது, கோடு போட்ட சட்டை, காற்றில் பறக்கும் முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அருங்காட்சியக அட்டையில் "பெயர் தெரியாத காதலி" என்று அச்சிட்டிருக்கிறார்கள். பெயர் தெரியும் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

6. 1952-இல் போலியோ வந்தது. அந்தக் கோடையில் ஊர் நீச்சல் குளத்தை மூடினார்கள், கோயிலில்கூட ஒருவருக்கொருவர் தள்ளி உட்கார்ந்தார்கள். அம்மா ஆகஸ்டில் போனாள். எனக்கு வயது மூன்று. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து என் அத்தை, அம்மா தொட்ட அத்தனையையும் கொல்லைப்புறத்தில் எண்ணெய்ப் பீப்பாயில் போட்டு எரித்தாள். உடுப்பு, தலையணை, ஜெபப் புத்தகம், கல்யாண ஆல்பம் எல்லாம் போயின. அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். அன்று ஊரே அப்படித்தான் செய்தது. தொழுவத்து அலமாரியில் எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த துப்பாக்கி மட்டும் அவள் கண்ணில் படவில்லை. இந்த உலகத்தில் என் அம்மாவின் முகம் மிச்சமிருப்பது அந்த ஒரே இடத்தில்தான், ஐயா.

7. ஆகவே எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அம்மாவைப் பார்க்க வேண்டுமென்று நான் அழுதால் அப்பா துப்பாக்கியை எடுத்துச் சமையலறை மேசையில் வைப்பார். "மொதல்ல என்ன பண்ணணும்?" என்று கேட்பார். தோட்டாக் கூட்டை உருவ வேண்டும். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து உள்ளே பார்க்க வேண்டும். "காலி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "ம்ம், இப்ப பாத்துக்கோ" என்பார். அந்த வீட்டில் தோட்டா இருந்ததே இல்லை. இருந்தும் ஒரு நாள்கூட அவர் அதை விட்டுக்கொடுத்ததில்லை. மற்றப் பிள்ளைகள் அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தார்கள். நான் 'காலி' என்று சொல்லிவிட்டுத்தான் என் அம்மாவைப் பார்த்தேன். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சமையலறையில் காய்ந்த துப்பாக்கி எண்ணெயும் கசகசா பூரணம் வைத்த கொலாச் ரொட்டியும் சேர்ந்து மணக்கிறது. ஏக்கமாக இருக்கிறது, ஆனால் துக்கமாக இல்லை.

8. இரண்டாவது மாற்றம், திரு. லீச் சிரித்த அந்த நிக்கல் முலாம். எனக்குத் திருமணம் நிச்சயமானபோது அப்பா, "உங்க அம்மா பழைய கறுப்புச் சட்டத்துல இருக்கா, அழகா இல்ல" என்று சொல்லி, கார் பம்பருக்கு முலாம் பூசும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆகவே பம்பர் என்று திரு. லீச் சொன்னது சரியே. வாங்கி வந்த அன்று பிடிகளைத் தாமே திரும்ப மாட்டி, படம் நழுவாமல் இருக்க ஒரு சொட்டுப் பசையும் வைத்தார். "பத்திரமா வச்சுக்கோ. ஒரு காலத்துல இதை வித்து நிலமே வாங்கலாம்" என்றார். பாவம் மனிதர், விலையில் பாதியைத் தன் கையாலேயே சுரண்டிவிட்டு, ஏற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு பெருமையாக நின்றார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

9. அவ்வளவு வேண்டியதை ஏன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாய் என்று தாங்கள் கேட்கலாம். என் பேத்தி பிரியானா ஐந்து வயதில், "சிரிக்கிற பாட்டியைப் பாக்கணும்" என்று துப்பாக்கி இருந்த அலமாரியைத் தானே திறந்துவிட்டாள். பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் யாருக்கும் ஆபத்தில்லை, வாரம் ஒருமுறை நானும் போய்ப் பார்க்கலாம் என்றுதான் கொடுத்தேன். படத்தை மட்டும் பிரதி எடுக்க முயன்றதுண்டு. மஞ்சளித்த பிளாஸ்டிக்கின் மேல் விளக்கு வெளிச்சம்தான் விழுந்தது, அம்மா விழவில்லை.

10. இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். துப்பாக்கி எனக்கு வேண்டாம். விற்றுக்கொள்ளுங்கள், கூரை போடுங்கள். பிடிகளை மட்டும் என் முன்னிலையில், பசையை வெதுவெதுப்பாக இளக்கி, அவசரமில்லாமல் கழற்றி என்னிடம் தர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். திரு. லீச் சொன்னதுபோல் 'பிடுங்கிப் போட்டால்' என் அம்மா இரண்டாகக் கிழிந்துபோவாள்.

11. சும்மா கேட்கவில்லை. திரு. லீச் தேடிக்கொண்டிருக்கும் பழுப்புப் பிடிகள், ஏதோ ஒரு ஜோடி அல்ல, இதே துப்பாக்கியோடு தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் ஜோடி, என் தந்தையின் ஆணி போடும் காபி டப்பாவில் இருந்தன. அவர் எதையும் தூக்கிப் போடுகிற மனிதர் இல்லை. இந்தச் செய்தி திரு. லீச்சுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் விலையை எவ்வளவு ஏற்றுவார் என்பதைத் தாங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வலப்பக்கப் பிடியை நல்லெண்ணத்தின் அடையாளமாக இத்துடன் இணைத்துள்ளேன். இடப்பக்கப் பிடி, அம்மா என் கைக்கு வந்த அதே நிமிடம் தங்கள் கைக்கு வரும்.

12. கழற்றும் வேலையை யாரிடம் ஒப்படைத்தாலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். முதலில் தோட்டாக் கூட்டை உருவச் சொல்லுங்கள். மேல்பாகத்தை இழுத்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் இத்தனை வருடம் இருந்ததில் என்ன இருக்கப் போகிறது என்று அவர் சிரிப்பார். பரவாயில்லை. 'காலி' என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு அவளைப் பார்த்துப் பழக்கமில்லை.

தங்கள் நல்ல பதிலை எதிர்நோக்கி, வழக்கம்போல் வரும் வியாழக்கிழமையும் அருங்காட்சியகத்தில் இருப்பேன்.

இடம்: ஹ்ராடெக்
நாள்: 11 அக்டோபர் 2004

இங்ஙனம்,
(ஒப்பம்)
ஆர்லீன் கோசிஷெக்
எமில், லிபுஷே ஆகியோரின் மகள்

இணைப்பு: பழுப்புப் பிடி, வலப்பக்கம் மட்டும்.