வைதேகி படிக்காத காட்சி

அன்பு மகள் அனுப்ரியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எனக்கும் முட்டிவலி தவிர ஒன்றுமில்லை, பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். என்னோடு நடிக்கும் சுந்தரேசன் மாமா போய்விட்டார். திங்கட்கிழமை சாயங்காலம் தேக்கா மார்க்கெட்டில் என்னோடு டீ குடித்துவிட்டு, புது நாடகத்துலயாவது என்னைச் சாகவிடாதீங்க சரசு என்று கிண்டல் பண்ணிவிட்டுப் போன மனுஷன், மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை.

துவாஸ் பட்டறையில் வெல்டிங் வேலையை முடித்துவிட்டு அழுக்குச் சட்டையோடு ஒத்திகைக்கு ஓடி வருவார். முதல் நாடகத்தில் வசனமே கிடையாது, ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அதற்கே கைதட்டல் வாங்கினார். பிறகு மேடையில் ராஜா, டிவியில் குடிகாரன், டாக்டர் என்று எத்தனையோ செய்தாலும் சனங்களுக்கு அவர் என் புருஷன்தான். நாங்கள் ஜோடியாக நடித்த தொடரை நீகூட ஸ்கூல் பையைக் கழற்றாமல் பார்ப்பாயே. அதுதான் நேற்று என் மானத்தை வாங்கியது. கேலாங்கில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மாமாவைக் கிடத்தியிருந்தார்கள். நான் மாலையோடு போய் நின்றதுதான் தாமதம், முன்பின் தெரியாத ஒரு அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உனக்கா இந்த நிலைமை தாயி என்று அழுதார். அதைப் பார்த்து ஒவ்வொருவராக என்னிடமே துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். ஃபாரூக் என்று ஒரு ரசிகர், பின்னால் நின்ற உன் அப்பாவிடம், தங்கச்சிய நல்லா பாத்துக்குங்க லா என்றார். அப்பாவும் பேயறைந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டார். அங்கே பெட்டிக்குப் பக்கத்தில் மாமாவின் மனைவி வைதேகி தனியாக உட்கார்ந்திருந்தாள், கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாடகத்துக்கும் வந்ததில்லை, என்னிடம் நாலு வார்த்தை பேசியதுமில்லை. என்மேல் கோபம் என்றே நினைத்திருந்தேன். அவள் எழுந்து நேரே என்னிடம் வந்தபோது, எல்லார் முன்னாலும் அடித்துவிடுவாளோ என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். என் காதோடு, அவரு வசனமெல்லாம் வீட்டுலதான் பாடம் பண்ணுவாருக்கா, உங்க பங்கை நான்தான் படிப்பேன், டிவியில நீங்க அவருகிட்ட சொன்னதை எல்லாம் நான் முன்னாடியே சொல்லிட்டேன் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அனு. போன வருஷத் தொடரில் அவர் சாகிற காட்சி வந்ததே, நான் அழுததை ஊரே பேசியதே, அதை மட்டும் படிக்கமாட்டேன் என்று காகிதத்தை வீசிவிட்டாளாம். அதனால எப்படி அழுவுறதுன்னே தெரியலக்கா, இதை மட்டும் நீங்க முதல்ல பண்ணுங்க என்றாள். நான் அழுதேன். அப்புறம்தான் அவள் அழுதாள்.

உனக்கு யாராவது அனுதாபம் அனுப்பினால், எங்கப்பா நல்லா இருக்காரு என்று சொல்லிவிடு. நீயும் மாப்பிள்ளையும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு நெடுங்காலம் சேர்ந்திருக்க வேண்டும், அம்மாவுக்கு அது போதும். கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு. எனக்கு இல்லை, முதலில் வைதேகி அத்தைக்கு.

உன் அம்மா,
சரசு
புக்கிட் பாத்தோக்