மேற்கு யன்னல் கேட்ட மென்பொருள்

அன்பின் அண்ணாவுக்கு,

நீங்கள் எனக்குச் செய்தது அநியாயம். அதை எழுதிவிட்டுத்தான் மற்றக் கதை. நாம் அன்று போட்ட நாடகத்தில், நீங்கள் சாகிற கடைசிக் காட்சியில் உங்கள் முகம் இருண்டுபோனதற்கு என் விளக்கைக் குற்றம் சொன்னீர்கள். அதுவும் நாடகம் முடிந்த கையோடு மைக்கைப் பிடித்து, சனம் நிறைந்த மண்டபத்தில். "லைற் போட்டது என்ர தங்கச்சி. அதுதான் நான் செத்தது ஒருத்தருக்கும் தெரியேல்ல." எப்படிச் சிரித்தார்கள்!

பிஸ்கற் தகரத்தை வெட்டிக் கூடு செய்து, ஒருவரிடமும் படிக்காமல், நானே ஏணியில் ஏறிக் கட்டிய விளக்கு அது. மேடைத் தரையில் சோக்குக்கட்டியால் கீறிய இடத்தில் நீங்கள் நிற்கவில்லை, இரண்டடி தள்ளி நின்றீர்கள் என்று முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லிவந்தேன். நீங்கள் விட்டீர்களா? போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் "லைற் பிழைதானடி" என்றீர்கள்.

சரி, இப்போது புதினம் கேளுங்கள். இங்கே ஒரு கல்லூரியில் நாடகம் படிக்கிற பிள்ளைகளுக்கு, மேடை விளக்கு அமைக்கும் மென்பொருள் ஒன்று தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. எந்த விளக்கை எங்கே தூக்கினால் ஒளி எங்கே விழும் என்று கணினித் திரையிலேயே காட்டிவிடுமாம். ஏணி வேண்டாம், கை சுடாது. தெரிவுக் குழுவில் என்னையும் ஒரு கதிரையில் இருத்தினார்கள். பார்த்தீர்களா?

பிள்ளைகளின் நாடகம் நம்முடைய அதே துறைமுகத்தடி மண்டபத்தில்தான், அதே மூன்றரை மணிக்கு. நமக்கு அன்று பொழுதுபடமுன் ஊரடங்கு. இவர்களுக்கு மூதூருக்கும் இறக்கக்கண்டிக்கும் போகிற கடைசி பஸ். விரிவுரையாளர் மூன்று மென்பொருட்களைக் கொண்டுவந்து புகழத் தொடங்கினார். "புகழ் வேண்டாம் தம்பி. மூண்டிலயும் அந்த மண்டபத்தைப் போட்டுக் காட்டுங்கோ" என்றேன்.

முதலாவது கண்ணைப் பறித்தது. ஆனால் மண்டபம் மூடிய கிணறு மாதிரி இருட்டிக் கிடந்தது.

"யன்னல் எங்க?"

"மேடைக்கு இருட்டுத்தானே அம்மா வேணும்?"

"பின்னேரம் நாலு மணிக்கு இருட்டை உங்கட வீட்டிலயிருந்து கொண்டுவாறீங்களோ?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்தது. இரண்டாவதில் யன்னல் இருந்தது. ஆனால் அந்த மென்பொருளைத் திறந்ததும் பிள்ளைகளின் மடிக்கணினிகள் எல்லாம் பாரம் தாங்காமல் அப்படியே நின்றுவிட்டன. மூன்றாவது பார்க்க ஒரு வடிவும் இல்லை. இலவசம். கிண்ணியாவிலிருந்து வருகிற பஸ்மிலா என்ற பிள்ளை தன் பழைய மடிக்கணினியில் அதைத் திறந்து, மேடைக்குப் பின்னால் மேற்கு யன்னலை வைத்தாள். சூரியனை வைக்க அதில் வழி இல்லை.

"அப்ப இதுவும் சரிவராது" என்றார் விரிவுரையாளர்.

"ஏன் சேர்? சூரியனும் ஒரு லைற்தானே" என்று பஸ்மிலா யன்னலுக்கு வெளியே பெரிய விளக்கொன்றைத் தூக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கீழ ஒண்டு வேணும் என்ன, அன்ரி? கடல் தண்ணியில பட்டு மேல அடிக்கிற வெளிச்சத்துக்கு."

அண்ணா, கேட்டீர்களா? எத்தனை பேர் அந்த மண்டபத்தில் நாடகம் போட்டார்கள்! ஒருவராவது துறைமுகத் தண்ணீரை ஒரு விளக்காக எண்ணினார்களா? நான் எண்ணினேனா?

"இப்ப முன்னால என்ர பழைய விளக்கு மாதிரி ஒண்டை வை மகள். சோக் அடையாளத்தில ஒரு ஆளை நிப்பாட்டு" என்று இரண்டு இடத்தையும் திரையில் தொட்டுக் காட்டினேன்.

நிறுத்தினாள். முகம் கறுப்பு. இரண்டடி தள்ளி நிறுத்தச் சொன்னேன். அங்கேயும் கறுப்பு. "கடலை நிப்பாட்டிப் பாப்பமா?" என்று கேட்டு, பஸ்மிலா கடலையும் சூரியனையும் அணைத்தாள். அடையாளத்தில் நின்றவரின் முகம் பளிச்சென்று தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் முன்னால் என் ஒரு விளக்கு என்ன செய்யும்?

ஆக, நீங்கள் நின்ற இடத்தில் பிழையில்லை. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். என் விளக்கும் பிழையில்லை. யன்னல்தான் பிழை.

அந்த யன்னலை யார் திறந்தது என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நான்தான். எல்லா யன்னலுக்கும் சாக்கு அடித்திருந்தேன். வேஷத்துக்குப் போட்ட கம்பளிக் கோட்டுக்குள் உங்களுக்கு வேர்த்துக் கொட்டியதைப் பார்க்க ஏலாமல், கடைசிக் காட்சிக்கு முன் அந்த ஒன்றை மட்டும் கழற்றிவிட்டேன். காற்று வந்ததா, அண்ணா?

மூன்றாவதைத்தான் தெரிவுசெய்தோம். இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். விரிவுரையாளர் அந்த மென்பொருளை இந்தக் கிழமைக்குள் எல்லாப் பிள்ளைகளின் கணினியிலும் ஏற்ற வேண்டும். பஸ்மிலா மண்டபத்தின் படத்தை, சூரியன், கடல் உட்பட, அடுத்த வகுப்புக்கும் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் மேற்கு யன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி தைக்க வேண்டும். நாடகத்தன்று அதை நானே கட்டி, நடிக்கிற பிள்ளைக்கு மேடை ஓரத்தில் மின்சாரக் காற்றாடி ஒன்றும் வைப்பேன். இது என் வாக்கு. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மைக்கில் சொன்னதைத் திருப்பி எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
யன்னலைத் திறந்த, லைற்றில் பிழைவிடாத
உங்கள் தங்கச்சி