முதல் இடத்தில் நின்ற ஜீன்

3.9.2024, செவ்வாய்
பூஜை விற்பனைக்குக் கரூரிலிருந்து நம் கரியாஹாட் கடைக்கு நாற்பது பேல் போர்வை வந்து இறங்கியது. இரண்டு கட்டு நனைந்திருக்கிறது. மழை என்கிறான் லாரிக்காரன்.
மகள் கீதாஞ்சலியின் ஆராய்ச்சிக் கட்டுரை மாதக் கடைசியில் பத்திரிகைக்குப் போகிறது. அவள் கேட்டிருக்கும் பெங்களூர் வேலை அதை நம்பித்தான் இருக்கிறது.

8.9.2024, ஞாயிறு
என்னதான் செய்கிறாய் என்று இன்று விடாமல் கேட்டேன். எலியின் உடம்பில் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்றை வைக்கிறார்கள். அது கண்ட ஜீனில் போய்ச் சொருகிக்கொள்ளும். சில ஜீனில் சொருகினால் கட்டி வளரும். நூற்றெண்பது கட்டிகளில், தற்செயலாக நடப்பதைவிட அதிகத் தடவை துண்டு சொருகிய ஜீன் எது என்று இவள் கம்ப்யூட்டரில் தேடுகிறாள். அதுதான் புற்றுநோயைக் கிளப்பிவிடுகிறது என்று சந்தேகிக்கலாமாம். இவள் பட்டியலில் முதலாவது, இதுவரை யாரும் சொல்லாத ஜீன்.
எங்கள் பேட்டை டாக்குரியா முழுக்க இதைச் சொல்லிவிட்டேன்.

15.9.2024, ஞாயிறு
சாப்பாட்டில் கை வைக்கவில்லை அவள். அந்தத் துண்டு, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயேதான் அதிகம் தாவுமாம். அதனால் புறப்பட்ட குரோமோசோமைக் கணக்கிலிருந்து தள்ள வேண்டும். எலியில் இரண்டு வம்சம். புறப்படும் குரோமோசோம் வேறு வேறு. முதல் வம்சத்துக்குத் தள்ளியதையே இரண்டாவதுக்கும் தள்ளிவிட்டாள். முதல் இடத்து ஜீன், இரண்டாம் வம்சத்தில் துண்டு கிளம்பும் இடத்துக்கு அடுத்த வீடு.
புரிந்தது. ரயிலை விட்டு இறங்குகிறவன் முதல் கடையில்தான் நுழைவான். கூட்டத்தை வைத்துச் சரக்கு நல்லது என்று சொல்ல முடியுமா?
இருந்தாலும் சொன்னேன்: "உங்க லேப் சாருக்கே தெரியல. கட்டுரை போகட்டும் கண்ணு. வேலை கைக்கு வந்தப்புறம் பாத்துக்கலாம்."
"அதை நம்பி ஒருத்தர் மருந்து தேட ஆரம்பிச்சா மூணு வருஷம் போச்சுப்பா."
மனைவி அருக்காணி ரசம் ஊற்றியபடி, "ஏனுங்க, சாயம் போற போர்வைன்னு தெரிஞ்சும் நீங்க வித்திருக்கீங்களா?" என்றாள்.
வித்திருக்கிறேன். ஒரே தடவை, காளிகாட்டில். அந்தச் சந்துப் பக்கம் இன்றும் போவதில்லை. கை கழுவ எழுந்துவிட்டேன்.

16.9.2024
சாரிடம் சொல்லிவிட்டாளாம்.

21.10.2024, திங்கள்
சரியான குரோமோசோமைத் தள்ளிக் கணக்கை மறுபடி ஓட்டியதில் அந்த ஜீன் முந்நூற்றுப் பன்னிரண்டாவது இடத்துக்குப் போய்விட்டது. கட்டுரை நின்றது. சார் திட்டவில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டம். எனக்குக் கோபம்தான் — யார்மேல்?

28.11.2024, வியாழன்
பெங்களூர் வேலை வேறொருவருக்கு. காலை ஏழு மணிக்கே லேபுக்குக் கிளம்பினாள். புதுப் பட்டியலில் முதலாவது எது என்று கேட்டேன்.
"இப்ப சொல்ல மாட்டேன்ப்பா. வேற எலியில ஒரு தடவை பாத்துடறேன்."
கரியாஹாட் கடைக்கு வந்த பக்கத்து வீட்டு கோஷ்தா, மகளின் ஜீன் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அது தப்பு, அவளே கண்டுபிடித்தாள், இப்போது வேறொன்றைப் பார்க்கிறாள் என்றேன். அதன் பேர் என்ன என்றார்.
தெரியாது என்றேன்.