சாவி செங்குட்டுவனிடம் இருந்தது

நெய்வேலி, பிளாக் 21
28.01.2024

அன்புத் தம்பி செங்குட்டுவனுக்கு,

அண்ணன் கொளஞ்சிநாதன் மனம் நிறைந்த ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி திலகவதி, மகன் பிரவின்குமார் மூவரும் சுகம். சிறையில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? வடநாட்டுக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரே யூனிட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாம், எனக்குத் தெரியாதா?

பட்டாளத்திலிருந்து ஹவில்தாராக ரிட்டயர் ஆகி வந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. டவுன்ஷிப்பில் காண்டிராக்டர் ஜெயகணேஷிடம் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். தைப்பூசத்துக்கு வடலூரில் ஒரே கூட்டம். என் ஆட்கள் பாதிப் பேர் ஷிப்டுக்கு வரவில்லை. நானே கேட்டில் நின்றேன்.

முத்தாண்டிக்குப்பத்தில் உன் அம்மா தனம் நலம். முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்வருகிறார். எங்கள் வீட்டுக்கு வந்தால் இன்றும் வாசலில் நின்றுதான் பேசுகிறார், உள்ளே கூப்பிட்டாலும் வருவதில்லை. உன் தங்கை இளவேனிலுக்கு ஜெயகணேஷ் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நல்ல பெண், கொடுத்த வேலையை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள்.

ஒரே ஒரு மனக்குறை. கோர்ட் மார்ஷலில் உனக்கு ஏழு வருஷம் போட்டார்கள். அதில் கொஞ்சம் கழிந்துவிட்டது, மீதியும் கழிந்துவிடும். இந்த நேரத்தில் மேல்முறையீடு செய்திருக்கிறாயாம், அதில் என் பெயரையும் எழுதியிருக்கிறாயாம். பழைய யூனிட் ஆள் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. அப்படி எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுது.

உன் நலம் விரும்பும் அண்ணன்,
கொளஞ்சிநாதன்

19.02.2024

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

தம்பி செங்குட்டுவன் வணக்கம். உங்கள் கடிதத்தை வாய்விட்டுப் படித்தேன். இங்கே தமிழ் கேட்க வேறு வழி இல்லை. அம்மாவுக்கும் இளவேனிலுக்கும் நீங்கள் செய்வதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மனுவில் உங்கள் பெயர் இருப்பது உண்மைதான். தப்பிப்பதற்காக எழுதவில்லை. இலவச வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார், உத்தரவு என்று சொல்லி நான் வெளியே வர முடியாது, சட்டவிரோதமான உத்தரவுக்குச் சிப்பாய் கீழ்ப்படிந்தால் அது அவன் குற்றம்தான் என்று. ஆனால் உத்தரவு போட்டவருக்கும் அதில் பங்கு உண்டு என்றார்.

அந்த மே மாதப் பகலை உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இருந்தும் எழுதுகிறேன். எல்லை வேலி ஓரம் பிடித்த மூன்று ஒட்டகக்காரர்களை ரேஷன் வைக்கும் இரும்புக் கண்டெய்னரில் அடைத்தோம். மேஜர் சாப் மீட்டிங்குக்குப் போகும்போது ஜீப் பக்கத்தில் உங்களிடம் பேசினார். பிறகு நீங்கள் வந்து சாவியை என் கையில் கொடுத்தீர்கள். "சாப் வர்ற வரைக்கும் தொறக்கக் கூடாது. யார் கேட்டாலும் தொறக்கக் கூடாது. புரியுதா?"

வெயில் ஏறியதும் உள்ளேயிருந்து தட்ட ஆரம்பித்தார்கள். பானி, பானி என்றார்கள். சத்தம் கேட்டு நீங்களே கண்டெய்னர் வரைக்கும் வந்தீர்கள்.

"தண்ணி கேக்குறாங்கண்ணே. ஒரு வாட்டி தொறந்து குடுத்துட்டு மூடிடட்டுமா?" என்று கேட்டேன்.

"எத்தினி வாட்டி சொல்லிக்கினு இருக்கறது? ஆர்டர்னா ஆர்டர்டா. யோசிக்கறதுக்கா உன்னப் பட்டாளத்துல சேத்தாங்க?"

நீங்கள் போன பிறகு என் பாட்டிலில் இருந்த தண்ணீரை வெளியிலிருந்தே கண்டெய்னர் மேல் ஊற்றினேன். திறக்கத்தானே கூடாது, ஊற்றலாம் என்று நினைத்தேன் அண்ணே. இரும்பில் பட்டதும் சீறிக்கொண்டு ஆவியாகிவிட்டது. தண்ணீர்ச் சத்தம் கேட்டு உள்ளே இன்னும் பலமாகத் தட்டினார்கள். அப்புறம் தட்டுவது குறைந்தது. அடங்கிவிட்டார்கள் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சாப் வந்து திறந்தபோது பெரியவரும் அவர் மருமகனும் போய்விட்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் கதவின் கீழ்ச் சந்தில் வாயை வைத்துக் கிடந்ததால் பிழைத்தார்.

விசாரணைக்கு முன் நீங்கள் என்னைப் பார்க்க வந்தீர்கள். "நீ சின்ன ஆளு, சின்ன தண்டனதான் வரும். வாய மூடிக்கினு இரு, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். அதற்கும் கீழ்ப்படிந்தேன். நீங்களோ சாட்சிக் கூண்டில் ஏறி, "காவல் நிற்கத்தான் சொன்னேன், திறக்கக் கூடாது என்று சொல்லவில்லை, அவன் தன் புத்தியை உபயோகித்திருக்க வேண்டும்" என்றீர்கள்.

மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் வந்து நடந்ததைச் சொல்லுங்கள். உங்களிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

அன்புத் தம்பி,
செங்குட்டுவன்

நெய்வேலி
17.03.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் படித்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. திலகவதி கேட்டதற்கு வயிற்று வலி என்றேன். வெயிலில் அடைத்து வைத்தால் எல்லாருமா சாகிறார்கள்? அவர்கள் விதி. நீயோ நானோ அவர்கள் மேல் கை வைத்தோமா? இதையெல்லாம் கடிதத்தில் எழுதி ஏன் உன் மனதைக் கெடுத்துக்கொள்கிறாய்?

நல்ல செய்தி சொல்கிறேன். இளவேனிலுக்கு வரன் வந்திருக்கிறது. பையன் அறிவழகன், அனல்மின் நிலையத்தில் காண்டிராக்ட் எலக்ட்ரீஷியன், சீக்கிரம் பெர்மனெண்ட் ஆகிவிடுவான் என்கிறார்கள். அவளுக்கும் பிடித்திருக்கிறது. உன்னைப் பற்றிக் கேட்டார்கள். "எல்லையில இருக்கான், லீவு கெடைக்கறது கஷ்டம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்தான். ஒரு பெண் வாழ வேண்டுமே என்று சொன்னது.

நாளைக்கே உன் மனு பேப்பரில் வந்தால் அந்தக் குடும்பம் நிற்குமா? ஜெயகணேஷும் வம்பு என்றால் ஒதுங்குகிற ஆள். எங்கள் பிரவின்குமாரும் ராணுவத் தேர்வுக்கு ஓடிக்கொண்டிருக்கிறான், அவனையும் நினைத்துப் பார். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதே, என் வாயில் அப்படி வருமா? மனுவை வாபஸ் வாங்கிவிடு. கல்யாணத்தை நான் முன்னே நின்று நடத்துகிறேன்.

அன்பு மாறாத அண்ணன்,
கொளஞ்சிநாதன்

10.04.2024

அண்ணனுக்கு,

வாபஸ் வாங்க மாட்டேன்.

இளவேனிலை இதில் இழுக்காதீர்கள். கண்டெய்னரில் என்ன நடந்தது என்று அவளுக்கும் அம்மாவுக்கும் நான் சொன்னதே இல்லை. ஆபீசர்கள் தகராறில் என்னை மாட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே நினைக்கட்டும். அவளுக்கு இருப்பது அந்த ஒரு எண்ணம்தான். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

செங்குட்டுவன்

நெய்வேலி
02.06.2024

அன்புத் தம்பி செங்குட்டுவனுக்கு,

இங்கு அனைவரும் சுகம். கத்திரி வெயில் போன பிறகும் வெயில் குறையவில்லை. பலாப்பழம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது, உன்னை நினைத்துக்கொண்டோம்.

உனக்குச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. அறிவழகன் வீட்டார் முத்தாண்டிக்குப்பத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "பையன் ஜெயில்ல இருக்கான், ரெண்டு பேர் செத்த கேசு" என்று சொல்லிவிட்டேன். போட்ட காபியைக் குடிக்காமல் எழுந்துவிட்டார்கள். அறிவழகன் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

இளவேனில் என்னிடம் வந்து, "எங்கண்ணன் யாரயும் கொல்ல மாட்டாரு, எப்டி செத்தாங்க சொல்லுங்க" என்று சண்டைக்கு நின்றாள். நான் என்ன சொல்ல முடியும்? "உள்ள அடச்ச ஆளுங்க கதவத் தட்னப்ப சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு உங்கண்ணனயே போய்க் கேளும்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் அந்தப் பெண் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டது.

ஒன்றாம் தேதியிலிருந்து அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று ஜெயகணேஷ் சொல்லிவிட்டார். நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். உன் அம்மா வந்து எங்கள் வீட்டு கேட் அருகே நின்று அழுதாராம். நான் வீட்டில்தான் இருந்தேன். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது என்று உனக்குத் தெரியுமே. அன்றிலிருந்து உன் அண்ணி என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இப்போதும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. நீ மனது வைத்தால் எல்லாவற்றையும் திரும்பச் சரி செய்யலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் அண்ணன்,
கொளஞ்சிநாதன்

25.08.2024

கொளஞ்சிநாதன் அவர்களுக்கு,

இளவேனில் வந்திருந்தாள். தனியாக ரயிலேறி, பாஷை தெரியாத ஊரில் விசாரித்து விசாரித்துச் சிறைக்கு வந்து சேர்ந்தாள். நடுவில் கம்பிவலை. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"தட்னாங்களாண்ணே?" என்றாள்.

"தட்னாங்க."

"சாவி உங்கிட்டதான் இருந்துச்சா?"

"எங்கிட்டதான் இருந்துச்சு."

"யாராவது உன்னக் கட்டிப் போட்டிருந்தாங்களா? துப்பாக்கியக் காட்டிக்கினு பக்கத்துல நின்னாங்களா?"

"இல்லம்மா. ஆர்டர்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"தொறந்திருந்தா இன்னா பண்ணியிருப்பாங்க? வேலய வுட்டு அனுப்பியிருப்பாங்க. நீயும் வூட்டுக்கு வந்து எங்க கூட முந்திரிக்கொட்ட ஒடச்சிருப்ப" என்றாள். எழுந்துகொண்டாள். "நீ தொறந்திருக்கலாம்ணே. இனிமே நான் வர மாட்டேன். அம்மாவயும் வர வுட மாட்டேன்."

கோர்ட் மார்ஷலில் என்னை எத்தனையோ கேள்வி கேட்டார்கள். இப்படி யாரும் கேட்கவில்லை.

நீங்கள் பிடித்து இழுக்க என்னிடம் இனி எந்தக் கயிறும் இல்லை. அதை நீங்களே அறுத்துவிட்டீர்கள். சென்ற வாரம் தீர்ப்பாயத்தில் என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன். முதலில் நான் செய்ததைச் சொன்னேன். என் தண்டனையில் ஒரு நாள்கூடக் குறைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன், வக்கீல் கோபித்துக்கொண்டார். பிறகு நீங்கள் சொன்னதைச் சொன்னேன். பிழைத்தவரும் வந்திருந்தார். கதவுக்கு வெளியே இரண்டு பேர் புரியாத பாஷையில் பேசினார்கள், ஒருவன் கெஞ்சினான், ஒருவன் அதட்டினான், அதட்டியவன் ஆர்டர் ஆர்டர் என்றான் என்று அவர் சொன்னார். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மேஜர் உங்களிடம் என்ன சொன்னார் என்றும் என்னைக் கேட்டார்கள். நான் ஜீப் பக்கத்தில் இல்லை, எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை.

இனி நான் எழுத மாட்டேன். நீங்கள் எழுதினாலும் பதில் வராது.

செங்குட்டுவன்

நெய்வேலி
12.01.2025

என் உயிருக்கு உயிரான தம்பி செங்குட்டுவனுக்கு,

இதற்கு முன் போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. இதையாவது பிரித்துப் படி.

என்னை யூனிட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ரிட்டயர் ஆனாலும் மூன்று வருஷத்துக்குள் கூப்பிட்டு விசாரிக்கலாமாம். டவுன்ஷிப்பில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஜெயகணேஷ் யூனிபார்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். பிரவின்குமார் தேர்வுக்கு ஓடுவதை நிறுத்திவிட்டான். ஏனடா என்று கேட்டால் பக்கத்து அறைக்குப் போய்விடுகிறான். திலகவதி, "அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு உங்களால எப்டி திரும்பி வர முடிஞ்சிது?" என்று கேட்டாள். தட்டில் சோறு போட்டுவிட்டுத்தான் கேட்டாள்.

மேஜர் சாப்புக்கு எத்தனை தடவையோ போன் செய்தேன். இப்போது இன்னும் பெரிய பதவியில் இருக்கிறார். ஒரே ஒரு தடவை எடுத்தார். எந்தக் கொளஞ்சிநாதன் என்று கேட்டார். விசாரணையில் அவர் எழுதிக் கொடுத்ததை என் வக்கீல் படித்துக் காட்டினார். "பாதுகாப்பாக வைக்கத்தான் சொன்னேன். திறக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஹவில்தார் தன் புத்தியை உபயோகித்திருக்க வேண்டும்."

தம்பி, அவர் சொன்னார். ஜீப்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு என் காதுக்குப் பக்கத்தில் சொன்னார். அதைத்தான் உன்னிடம் சொன்னேன். மேலே இருந்து வந்தது, கீழே சொன்னேன். நான் வேறு என்ன செய்திருக்க முடியும்? நீயே சொல். திறந்திருந்தால் என் பென்ஷன் போயிருக்காதா? எனக்கும் பிள்ளை குட்டி இல்லையா?

நீ ஜீப் பக்கத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டதாகச் சொல்லிவிடு. சாப் சொன்னது என் காதில் விழுந்தது என்று ஒரு வார்த்தை. உன்னை விட்டால் எனக்குச் சாட்சி சொல்ல யாரும் இல்லை.

அடுத்த வாரம் ரயிலேறுகிறேன். அதற்குள் ஒரு வரி எழுது தம்பி. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உன் அண்ணன்,
கொளஞ்சிநாதன்