மூன்றாவது வரி

மடத்து வாசல் வீடு,
வால்ஸ்டோக்.
மார்ச் 8, 1953

அன்புத் தங்கை ஹெஸ்டருக்கு, உன் சின்ன அண்ணன் ஈனோக் எழுதுவது.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். எழுத்து மேலும் கீழும் போவதை மன்னித்துக்கொள். இவ்வளவுக்கு மூன்று நாள் ஆயிற்று. பேனாவைக் கலப்பை மாதிரிப் பிடிக்கிறேன் என்று டீச்சர் மிஸ் பின்ச்பெக் சிரிக்கிறார். “எழுபத்தொரு வயசுல எதுக்குய்யா எழுத்து? உன் கல்லறைக் கல்ல நீயே படிச்சுப் பாக்கவா?” என்று மதுக்கடை ஆர்ச்சர் கேட்டான். கேட்கட்டும். டீத்தூள் டப்பாவைக்கூட நான் இப்போது ஓர் எழுத்து விடாமல் படிக்கிறேன். அவ்வளவு சந்தோஷம்.

அகுஸ்தினார் மடத்தில் நீ பார்த்ததுதான் இன்றும் மிச்சம். வாசல் வளைவு, சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு சுவர், அதில் ஏறிப்போகும் கல் மேடை. துறவிகள் சாப்பிடும்போது ஒருவர் மேடையில் நின்று வாசிப்பாராம். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாதாம். மடத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு முப்பது வருடமாக இதைச் சொல்லிவிட்டு, வாசலில் இருக்கும் பித்தளைப் பலகையைக் காட்டுவேன். “மூணாவது வரில இருக்கே, அது எங்க அண்ணன் சைலஸ் பேரு. எதிர்ச் சுவர் விழுந்து இங்கதான் செத்துப்போனாரு.”

பலகை வைத்த அன்று அம்மாவுக்கும் எனக்கும் வாசித்துக் காட்டியவள் நீ. என் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தாய். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் பலகையைத் துடைக்கிறேன். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை.

போன செவ்வாய்க்கிழமை நானே படித்தேன். எதிர்ச் சுவர் 1912இல் புயலில் விழுந்ததாம். மிச்சத்தைக் காப்பாற்றியவர் பண்ணை முதலாளி சர் ஜெர்வாஸாம். மூன்றாவது வரியில் இருப்பது அவர் பெயர். நான் தேய்த்த தேய்ப்பில் பலகையிலேயே அதுதான் நன்றாக மின்னுகிறது.

புயலா, ஹெஸ்டர்? அன்று ஓர் இலைகூட ஆடவில்லை. தன் குதிரை லாயத்துக்குக் கல் வேண்டும் என்று அவர்தான் சுவரின் அடியைத் தோண்டச் சொன்னார். கடப்பாரையோடு நானும் அங்கே நின்றேன்.

அம்மா முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாய். அது புரிகிறது. அம்மா போய் இருபது வருடம் ஆகிறதே, அப்புறமும் ஏன் சொல்லவில்லை? ஒருமுறை பலகையைப் படித்த ஒரு சிறுமி, “அப்படி ஒண்ணுமே இல்லியேம்மா” என்றாள். அவள் அம்மா அவள் வாயைப் பொத்திவிட்டு, என் கையை அழுத்திப் பிடித்தாள். அண்ணனுக்காக இரங்குகிறாள் என்று நினைத்தேன். இரங்கியது எனக்காக. இப்படி எத்தனை பேரோ.

நேற்று பலகையைத் துடைக்கவில்லை. இனித் துடைக்கப் போவதும் இல்லை.

உன் முழங்கால் வலி தேவலையா? கனடாவில் இன்னும் பனி கொட்டுகிறதா? கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் செய். அன்று நீ அந்த முதலாளி வீட்டில் வேலை பார்த்தாய்; தோண்டச் சொன்னது யார் என்று உனக்கும் தெரியும். நம் அண்ணன் எப்படிச் செத்தார் என்பதை உன் கையால் எழுதி அனுப்பு. நான் வாயால் சொன்னால் கிழவன் உளறுகிறான் என்பார்கள். அந்த நாளை நானும் எழுதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு அனுப்புகிறேன்.

பெரிய எழுத்தில் எழுது, தங்கச்சி. இந்த முறை நானே படிப்பேன்.

உன் அண்ணன்,
ஈனோக்